மஞ்சளை வைத்துத் தாவர மெட்டபோலோமிக்ஸ் கற்பது எப்படி

உயிருள்ளவற்றில் உருவாகும் வேதிப்பொருள்களை ஒட்டுமொத்தமாக ஆராயும் துறை மெட்டபோலோமிக்ஸ். அந்த வழியில் தாவரங்களின் வேதிப்பொருள்களை ஆராயப் புதிதாக வருகிற மாணவர்களில் பலர், இதுவரை யாரும் அதிகம் தொட்டிராத ஒரு மூலிகையைத் தேடிப் பிடித்து, அதன் சாற்றைக் கருவியில் செலுத்தி, வெளிவரும் பெயர்ப்பட்டியலைக் கட்டுரையாக்கிவிடலாம் என்ற எண்ணத்துடனேயே தொடங்குகிறார்கள். விடை தெரியாத செடியில் தொடங்கினால், கருவி சொல்வது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க நம்மிடம் எதுவுமே இராது. முதற்செடி நன்கு ஆராயப்பட்டதாகவும் எளிதில் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். அதன் முதன்மைப் பொருள்களைத் தூய நிலையில் விலைக்கு வாங்கவும் முடிய வேண்டும். மஞ்சள் இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது. அதன் மஞ்சள் நிறப்பொருளான குர்குமின் 1815இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் கட்டமைப்பு 1910இல் அறியப்பட்டது. எனவே நீங்கள் பெறும் ஒவ்வொரு எண்ணையும் பழைய விடையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மஞ்சளைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அதன் நிறம் தரும் குர்குமினாய்டுகள், அதாவது குர்குமினும் அதை ஒத்த பொருள்களும், ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, பாலிகீட்டைடு வகை நொதிகளின் வழியாக உருவாகின்றன. அதன் மணம் தரும் டர்மரோன்களோ ஐசோப்ரீனாய்டு வழியில் உருவாகும் எண்ணெய்ப் பொருள்கள். முன்னவை ஆவியாகாதவை, பின்னவை எளிதில் ஆவியாகுபவை. ஒரே கிழங்கில் இரண்டு உருவாக்கப் பாதைகளும், அவற்றை ஆராய இரண்டு வேறு கருவிகளும் தேவைப்படுவதால், இந்தத் துறையின் பெரும்பகுதியை ஒரே பொருளில் பழகிவிட முடிகிறது. தாவர உலகம் முழுவதிலும் 2 லட்சம் முதல் 10 லட்சம் வரையிலான வளர்சிதைப் பொருள்கள் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. எந்த ஒரு கருவியும் எந்த ஒரு கரைப்பானும் அவை அனைத்தையும் காட்டிவிடாது என்பதை முதல் நாளிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

கேள்வியும் மாதிரியும்

கருவியைத் தொடுவதற்கு முன் கேள்வியை ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 'மஞ்சளில் என்னென்ன இருக்கின்றன' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. 'ஒரே வயலில் விளைந்த இரண்டு மஞ்சள் ரகங்களின் குர்குமின் அளவு வேறுபடுகிறதா' என்பது கேள்வி. அளவிட வேண்டிய பொருள் எது என்பது முன்பே தெரிந்திருந்தால் அது இலக்குப் பகுப்பாய்வு. எது வேறுபடும் என்று தெரியாமல், காண முடிந்த அனைத்தையும் பதிவுசெய்து ஒப்பிட்டால் அது இலக்கற்ற மெட்டபோலோமிக்ஸ். முதல் வகையில் கை பழகாமல் இரண்டாம் வகைக்குச் செல்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மாதிரி எந்த நிலையில் இருக்கிறது என்பது கேள்வியோடு பிணைந்தது. சந்தையில் கிடைக்கும் விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் அறுவடைக்குப் பின் வேகவைக்கப்பட்டு, வெயிலில் காயவைக்கப்பட்டு, மெருகேற்றப்பட்டவை. அவற்றை ஆராய்ந்தால் வணிகப் பொருளின் வேதியியல் தெரியும். உயிருள்ள கிழங்கில் நடக்கும் வளர்சிதைமாற்றம் தெரியாது. உயிருள்ள திசுவை ஆராய விரும்பினால், கிழங்கை வெட்டிய கணத்திலிருந்தே அதிலுள்ள நொதிகள் பொருள்களை மாற்றத் தொடங்கிவிடும் என்பதால், மாதிரியை உடனே கழித்தல் 196 பாகை செல்சியஸிலுள்ள திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உறைந்த நிலையிலேயே பொடித்து, கழித்தல் 80 பாகையில் வைத்திருக்க வேண்டும். இலைகளை ஆராய்பவர்கள் பறிக்கும் நேரத்தையும் இலையின் வயதையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் பறித்ததும் மாலையில் பறித்ததும் வேதியியலில் ஒன்றாக இருப்பதில்லை.

செடியின் பெயரை உறுதிசெய்வதைப் பலர் சடங்காகவே நடத்துகிறார்கள். பூவோடு கூடிய செடியை அழுத்தி உலர்த்தி, ஒரு உலர்தாவரச் சேகரத்தில் ஒப்படைத்து, அதன் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் சேகரமும், இலங்கையில் இருப்பவர்களுக்குப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் சேகரமும் உள்ளன. இது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கஸ்தூரி மஞ்சளே சான்று: அந்தப் பெயரில் கடைகளில் விற்கப்படும் காய்ந்த வில்லைகள் பல நேரங்களில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடியினுடையவை. காட்டிலிருந்து சேகரிப்பவர்களும் மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகங்களுடன் பகிர்பவர்களும் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் விதிகளை முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும். அதைச் செயற்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது.

எத்தனை மாதிரிகள் என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை ஒன்று உண்டு. ஒரே கிழங்கின் சாற்றை ஆறு முறை செலுத்தினால் கிடைப்பது கருவியின் நிலைத்தன்மை பற்றிய தகவல். ஆறு தனித்தனிச் செடிகளின் சாறுகளை ஒவ்வொரு முறை செலுத்தினால்தான் அந்த ரகத்தைப் பற்றிப் பேச முடியும். வாய்ப்பு இருந்தால் ஒவ்வொரு குழுவுக்கும் ஆறு செடிகளுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாறு எடுத்தல்

கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போதே எதைக் காணப்போகிறோம், எதை இழக்கப்போகிறோம் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. சீன வேதியியலாளர் து யூயூ மலேரியாவுக்கு எதிரான பொருளைத் தேடியபோது, மாசிபத்திரியின் பேரினத்தைச் சேர்ந்த சிங்ஹாவ் என்ற செடியின் சாறுகள் ஒரு முறை வேலை செய்து மறுமுறை செய்யாமல் போயின. 4ஆம் நூற்றாண்டின் மருத்துவர் கே ஹாங், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் பொருளை அழிக்கிறது என்று ஊகித்த து யூயூ, சுமார் 35 பாகையிலேயே கொதிக்கும் ஈதரைப் பயன்படுத்தினார். 1971இல் கிடைத்த அந்தச் சாறு எலிகளில் முழுமையாகச் செயற்பட்டது. அதிலிருந்தே ஆர்ட்டெமிசினின் பிரித்தெடுக்கப்பட்டது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. கொதிக்கும் கரைப்பானைத் திரும்பத் திரும்பச் செலுத்திச் சாறு எடுக்கும் சாக்ஸ்லெட் கருவியில் பல மணி நேரம் கொதிக்கவைப்பதை மாறாத விதியாகக் கொண்டிருக்கும் ஆய்வகங்கள் இந்த நிகழ்வை நினைவில் வைத்திருக்கலாம்.

மஞ்சளுக்கான தொடக்க முறை எளிது. உலர்ந்த நுண்பொடியில் 100 மில்லிகிராம் எடுத்து, 10 மில்லிலிட்டர் மெத்தனால் சேர்த்து, மூடிய குப்பியில் மீயொலித் தொட்டியில் அரை மணி நேரம் வைத்து, மைய விலக்கியில் சுழற்றி, தெளிந்த மேல்நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்த வேண்டும். தொட்டியின் நீர் சூடேறிக்கொண்டே போகும் என்பதால் அவ்வப்போது பனிக்கட்டி இட வேண்டும். குர்குமின் ஒளியிலும் காரச் சூழலிலும் சிதையும். பழுப்பு நிறக் குப்பி அல்லது அலுமினியத் தாள், சிறிதளவு அமிலம் கலந்த கரைப்பான் ஆகியவை அதைக் காக்கும். அதே பொடியில் இரண்டாவது, மூன்றாவது முறை சாறு எடுத்து அவற்றிலும் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். மூன்றாவது சாறும் மஞ்சளாகவே இருந்தால் முறை இன்னும் முழுமையாகவில்லை. டர்மரோன்களுக்குத் தனியாக ஹெக்சேன் சாறு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மஞ்சள் பொடி இல்லாமல், மற்றெல்லாம் அப்படியே வைத்து ஒரு வெற்றுச் சாறும் தயாரிக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பின்னால் நெகிழியைச் செடியின் பொருளாக அறிவிக்க நேரிடும். அதை அடுத்துப் பார்ப்போம். மெத்தனால் பார்வையைப் பறிக்கக்கூடிய நஞ்சு, குளோரோஃபார்ம் கல்லீரலைத் தாக்கும், திரவ நைட்ரஜன் மூடிய அறையில் மூச்சுக்காற்றை இடம்பெயர்க்கும். ஆகவே இவற்றைப் புகைபோக்கிப் பெட்டியிலும் காற்றோட்டமான இடத்திலும் மட்டுமே கையாள வேண்டும்.

முதற்பிரிப்பு: மென்படலத் தகடு

பல லட்ச ரூபாய்க் கருவிக்கு நேரம் கேட்டுக் காத்திருக்கும் நாள்களில், சிலிக்கா பூசிய மென்படலத் தகடு ஒன்றே போதிய பாடம் சொல்லும். 95 பங்கு குளோரோஃபார்மும் 5 பங்கு மெத்தனாலும் கலந்த கரைப்பானில் மஞ்சள் சாற்றை ஓடவிட்டால் மூன்று மஞ்சள் புள்ளிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். 366 நானோமீட்டர் புறஊதா விளக்கில் அவை ஒளிரும். மேலே நிற்பது குர்குமின், நடுவில் டெமெத்தாக்சிகுர்குமின், கீழே பிஸ்டெமெத்தாக்சிகுர்குமின். சிலிக்கா முனைவுத்தன்மை (மூலக்கூறில் மின்னூட்டம் சீரற்றுப் பரவியிருக்கும் தன்மை) மிக்க பொருளைப் பிடித்துக்கொள்வதால் இந்த வரிசை அமைகிறது. கரைப்பானை அழுத்தத்தில் ஒரு குழாய்க்குள் செலுத்திப் பொருள்களைப் பிரிக்கும் உயரழுத்தத் திரவ வண்ணப்பிரிகையில் பயன்படும் சி18 நிரலோ (நீண்ட கார்பன் சங்கிலிகள் பிணைந்த துகள்கள் நிறைந்த குழாய்) இதற்கு நேர்மாறானது. அங்கே பிஸ்டெமெத்தாக்சிகுர்குமின் முதலில் வெளிவரும், குர்குமின் கடைசியில் வரும். தகட்டில் ஒரு வரிசையையும் நிரலில் அதன் தலைகீழ் வரிசையையும் ஒருவர் தாமே கண்டுவிட்டால், முனைவுத்தன்மை பற்றிய பாடம் அவருக்கு மறப்பதில்லை.

அளவிடுதலையும் இந்த நிலையிலேயே பழகிவிடலாம். குர்குமினாய்டுகள் 425 நானோமீட்டர் அளவில் ஒளியை நன்கு உறிஞ்சுவதால், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமானி இல்லாத சாதாரணத் திரவ வண்ணப்பிரிகைக் கருவியிலேயே அவற்றை அளக்க முடியும். தூய்மை தெரிந்த தரப்பொருளில் ஐந்து செறிவுகள் தயாரித்து நேர்கோடு வரைந்து, மாதிரியின் உச்சிப்பரப்பை அந்தக் கோட்டில் வைத்து அளவைப் படிக்க வேண்டும். உலர் மஞ்சளில் குர்குமினாய்டுகள் பொதுவாகச் சில விழுக்காடே இருக்கும். உங்கள் கணக்கில் 20 விழுக்காடு வந்தால் நீர்த்தல் கணக்கில் எங்கோ பூச்சியம் தவறியிருக்கிறது. 'குர்குமின்' என்ற பெயர்ச்சீட்டுடன் விற்கப்படும் குப்பிகள் பலவற்றிலும் மற்ற இரண்டு குர்குமினாய்டுகள் கலந்தே இருக்கும் என்பதையும் கவனியுங்கள். தூய்மைச் சான்றிதழைப் படித்த பிறகே அதைத் தரப்பொருளாகக் கொள்ள வேண்டும்.

நிறைமானியைப் படித்தல்

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குர்குமினின் மூலக்கூறில் 21 கார்பனும் 20 ஹைட்ரஜனும் 6 ஆக்சிஜனும் உள்ளன. மிகுதியாகக் காணப்படும் ஐசோடோப்புகளைக் கொண்டு கணக்கிட்டால் அதன் நிறை 368.1260. சாற்றை மின்னழுத்தத்தில் தெளித்து மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றும் மின்தெளிப்பு அயனியாக்கத்தில் அது ஒரு புரோட்டானைப் பெற்று, நேர்மின் பதிவில் 369.1333 என்ற இடத்தில் தோன்ற வேண்டும். டெமெத்தாக்சிகுர்குமின் 339.1227 இடத்திலும், பிஸ்டெமெத்தாக்சிகுர்குமின் 309.1121 இடத்திலும் வரும். மூன்றுக்கும் இடையே ஒவ்வொரு படியிலும் 30.0106 குறைகிறது, அது ஒரு மெத்தாக்சிக் குழு ஹைட்ரஜனாக மாறுவதால் இழக்கப்படும் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் ஆகியவற்றின் நிறை. இந்தக் கணக்குகளை மென்பொருளிடம் கேட்பதற்கு முன் ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள்.

உங்கள் கருவி 369.1340 என்று காட்டினால், வேறுபாடு 0.0007. அதை 369.1333ஆல் வகுத்துப் பத்து லட்சத்தால் பெருக்கினால் சுமார் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) பிழை கிடைக்கும். நன்கு அளவுதிருத்தம் செய்யப்பட்ட உயர்பிரிதிறன் கருவிக்கு 5 பி.பி.எம்.க்குள் இருப்பது ஏற்கத்தக்கது. அடுத்ததாக 370.137 அருகே உள்ள சிறிய உச்சியைப் பாருங்கள். இயற்கைக் கார்பனில் சுமார் 1.1 விழுக்காடு கனமான கார்பன்–13 என்பதால், 21 கார்பன் கொண்ட மூலக்கூறில் அந்த உச்சி முதன்மை உச்சியின் சுமார் 23 விழுக்காடு உயரம் இருக்க வேண்டும். அது 12 விழுக்காடே இருந்தால் நீங்கள் பார்ப்பது 21 கார்பன் மூலக்கூறு அன்று.

ஒரே பொருள் பல இடங்களில் தோன்றுவதும் உண்டு. குர்குமின் புரோட்டானுக்குப் பதில் சோடியத்தை ஏற்றுக்கொண்டால் 391.1152 இடத்தில் வரும். நெகிழியை இளக்கச் சேர்க்கப்படும் தாலேட்டு ஒன்று, குழாய்களிலிருந்தும் மூடிகளிலிருந்தும் கசிந்து, 391.2843 இடத்தில் வருகிறது. பிரிதிறன் குறைந்த கருவியில் இரண்டுமே '391'தான். முன்பு சொன்ன வெற்றுச் சாறு இங்கேதான் கைகொடுக்கிறது: மஞ்சள் இல்லாத சாற்றிலும் 391 இருந்தால் அது செடியிலிருந்து வந்ததன்று.

துல்லியமான நிறையும் ஐசோடோப்பு உயரமும் பொருந்திவிட்டாலும் பெயர் உறுதியாகிவிடாது. சீன மருத்துவத்தில் பயன்படும் எபிமீடியம் செடியோடு தொடர்புடைய இகாரிட்டின் என்ற ஃபிளேவனாய்டுக்கும் அதே 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன்தான். எவ்வளவு துல்லியமான நிறைமானியும் நிறையை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. மூலக்கூறைத் தனிமைப்படுத்தி உடைத்துப் பார்க்கும் இரட்டை நிறைப்பதிவில்தான் வேறுபாடு தெரியும். குர்குமின் உடையும்போது அதன் ஃபெருலாயில் பகுதி 177.0546 இடத்தில் வெளிப்படும். மெத்தாக்சி இல்லாத பகுதியைக் கொண்ட பிஸ்டெமெத்தாக்சிகுர்குமின் 147.0441 தரும். நடுவில் உள்ள டெமெத்தாக்சிகுர்குமினில் ஒரு பக்கம் மெத்தாக்சி இருக்கிறது, மறுபக்கம் இல்லை. அதனால் அது 177, 147 இரண்டையும் தருகிறது. மூலக்கூறின் வடிவம் உடைந்த துண்டுகளில் எழுதப்பட்டிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தொடக்க எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

மாதிரியை வேண்டிய அளவு நீர்க்காமல் செலுத்துவது பரவலான பிழை. மேலே சொன்ன சாற்றில் மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் வரை குர்குமினாய்டுகள் இருக்கலாம். நிறைமானிக்கு அதை நூறு மடங்கு அல்லது ஆயிரம் மடங்கு நீர்க்க வேண்டும். இல்லையேல் உணரி நிறைந்து அளவு பொய்யாகும், அடுத்தடுத்த மாதிரிகளிலும் மஞ்சள் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆவியாகும் பொருள்கள்

ஹெக்சேன் சாற்றை வாயு வண்ணப்பிரிகையும் நிறைமானியும் இணைந்த கருவியில், அதாவது ஜி.சி.–எம்.எஸ். கருவியில், செலுத்தினால் டர்மரோன்கள் கிடைக்கும். ஆர்-டர்மரோனின் மூலக்கூறு அயனி 216. 119, 83 ஆகியவை அதன் முக்கியத் துண்டுகள். குர்குமின் இதில் வராது, சூட்டில் சிதைந்துவிடும். சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் கூட, சிலைல் குழு சேர்த்து ஆவியாகக்கூடியவையாக மாற்றினாலொழிய இதில் வருவதில்லை.

நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் மூலிகைக் கட்டுரைகளில் ஒரு வகை எனக்குத் தொடர்ந்து கவலை தருகிறது. எத்தனால் சாற்றை நேரடியாக ஜி.சி.–எம்.எஸ். கருவியில் செலுத்தி, கருவியின் நிறைப்பதிவு நூலகம் காட்டிய முதல் பெயரை ஒவ்வோர் உச்சிக்கும் எழுதி, அவற்றின் பக்கத்தில் 'புற்றுநோய் எதிர்ப்பு', 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று நிரப்பிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் தாலேட்டுகளும், நிரலின் பூச்சிலிருந்து வரும் சிலாக்சேன்களும் மூலிகையின் குணமாக இடம்பெற்றுவிடுகின்றன. 149 என்ற துண்டு ஓங்கி நின்றால் தாலேட்டையும், 207, 281 ஆகியவை நின்றால் நிரலின் பூச்சே கசிவதையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். நூலகப் பொருத்தத்தோடு, நேர்சங்கிலி ஆல்கேன்களைச் செலுத்திக் கணக்கிடும் தக்கவைப்புக் குறியெண்ணும் (பொருள் வெளிவரும் நேரத்தை அந்த ஆல்கேன்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) பொருந்தியாக வேண்டும். 1958இல் கோவாட்ஸ் வகுத்த இந்த எளிய கணக்கைப் போடப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

பெயருக்கு எவ்வளவு உறுதி

2007இல் மெட்டபோலோமிக்ஸ் தரநிலை முயற்சி வகுத்த நான்கு நிலைகள் இன்றும் பயன்படுகின்றன. அதே கருவியில், அதே நிலைமைகளில், தூய தரப்பொருளோடு ஒன்றையொன்று சாராத குறைந்தது இரண்டு பண்புகள், எடுத்துக்காட்டாக வெளிவரும் நேரமும் இரட்டை நிறைப்பதிவும், ஒத்துப்போனால் முதல் நிலை. தரவுத்தளத்தின் நிறைப்பதிவோடு மட்டும் ஒத்துப்போனால் இரண்டாம் நிலை. எந்த வகைப் பொருள் என்று மட்டும் தெரிந்தால் மூன்றாம் நிலை. மற்றவை நான்காம் நிலை, அதாவது அறியப்படாதவை. இலக்கற்ற ஆய்வில் பெரும்பாலான உச்சிகள் நான்காம் நிலையிலேயே நிற்கும். அதை வெளிப்படையாக எழுதுவதில் இழுக்கு எதுவுமில்லை.

முற்றிலும் புதிய பொருள் என்று சொல்ல வேண்டுமானால், அதைத் தூய்மைப்படுத்தி அணுக்கருக் காந்த ஒத்திசைவு நிறமாலை, அதாவது என்.எம்.ஆர்., எடுக்க வேண்டும். அதற்குச் சில மில்லிகிராம் தூயபொருள் இருப்பது வசதி. குர்குமினின் மெத்தாக்சி ஹைட்ரஜன்கள் 3.9 பி.பி.எம். அருகே கூர்மையான ஒற்றை உச்சியாக நிற்பதைப் பார்த்துப் பழகிக்கொண்டால், பிற மூலக்கூறுகளிலும் அதைக் கண்டுகொள்வீர்கள். சொந்தக் கருவி இல்லாதவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ளதைப் போன்ற நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையங்களில் கட்டணம் செலுத்தி மாதிரி கொடுக்கலாம். கொடுக்கும்போது மூலத் தரவுக் கோப்பையும் கேட்டுப் பெற வேண்டும். அச்சிட்ட படம் மட்டும் போதாது.

தரவைக் கையாளுதல்

கருவி நிறுவனத்தின் கோப்பை எம்.ஸெட்.எம்.எல். என்ற திறந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால், எம்.ஸெட்.மைன், எம்.எஸ்.–டயல் ஆகிய கட்டணமற்ற மென்பொருள்களில் உச்சிகளைப் பிரித்தெடுக்கலாம். ஜி.என்.பி.எஸ். தளம் ஒத்த துண்டுகளைத் தரும் மூலக்கூறுகளை வலைப்பின்னலாக இணைத்துக் காட்டும். மூன்று குர்குமினாய்டுகளும் அதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சிரியஸ் என்ற மென்பொருள் துண்டுகளிலிருந்து மூலக்கூறு வாய்ப்பாட்டைக் கணிக்கும். இந்திய மூலிகைகளின் வேதிப்பொருள்களைத் தேட, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தினர் உருவாக்கிய இம்பாட் தரவுத்தளம் உதவும். ஆனால் அங்கே ஒரு பொருள் ஒரு செடியின் பெயருக்கு நேரே இருப்பது, உங்கள் மாதிரியில் அது இருப்பதற்குச் சான்றாகாது.

மாதிரிகளைக் குழு வாரியாக வரிசையாகச் செலுத்தாமல் குலுக்கிப் போட்ட வரிசையில் செலுத்துங்கள். எல்லாச் சாறுகளிலிருந்தும் சிறிது எடுத்துக் கலந்த தரக்கட்டுப்பாட்டுக் கலவையை ஐந்து முதல் பத்து மாதிரிகளுக்கு ஒரு முறை இடையிடையே செலுத்துங்கள். மாதிரிகளின் ஒற்றுமை வேற்றுமையைப் புள்ளிகளாகக் காட்டும் முதன்மைக் கூறுப் படத்தில் அந்தக் கலவைகள் ஒரே இடத்தில் குவியாமல் சிதறியிருந்தால், மற்றப் புள்ளிகளைப் பற்றிப் பேசத் தேவையில்லை. கருவியைச் சரிசெய்து மீண்டும் செலுத்துவதே வழி. 5000 உச்சிகளை 0.05 என்ற வரம்பில் சோதித்தால், உண்மையான வேறுபாடு எதுவுமே இல்லாதபோதும் 250 உச்சிகள் தற்செயலாகவே 'வேறுபடும்' என்பதால், பெஞ்சமினி–ஹாக்பெர்க் திருத்தம் போன்ற ஒன்றைத் தவறாமல் செய்ய வேண்டும். குழுக்களின் பெயரை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துப் பிரிக்கும் பி.எல்.எஸ்.–டி.ஏ. முறை, வெறும் இரைச்சலையும் அழகாக இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும். தரவின் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துச் சோதிக்கும் குறுக்குச் சரிபார்ப்பு இல்லாத அத்தகைய படத்தை நான் நம்புவதில்லை.

இவ்வளவும் மஞ்சளில் கைவந்த பிறகு, இரண்டாவது வேலையாகக் கடைகளில் 'கஸ்தூரி மஞ்சள்' என்று விற்கப்படும் வில்லைகளை வாங்கி, சேகர எண்ணுடைய உண்மையான செடியின் கிழங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே சாறு, அதே நிரல், அதே நிறைப்பதிவு போதும். மஞ்சள் தூளில் கலப்படமாகச் சேர்க்கப்படும் மெட்டானில் மஞ்சள் சாயத்தையும் எதிர்மின் பதிவில் 352.0761 இடத்தில் தேடலாம். ஈயக் குரோமேட்டு இந்தக் கருவியில் தெரியாது, அதற்குத் தனிமப் பகுப்பாய்வு வேண்டும். முடிவுகளை வெளியிடும்போது ஒவ்வொரு பொருளின் பெயருக்கும் நேரே அதன் உறுதிநிலை எண்ணை எழுதி, வெற்றுச் சாறுகளும் தரக்கட்டுப்பாட்டுக் கலவைகளும் உட்பட மூலக்கோப்புகள் அனைத்தையும் மெட்டபோலைட்ஸ் அல்லது மாசிவ் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள்.